பிரம்ம கமலமும் ஒரு கள்ளிதான், ஆனால் மணலில் நடாதீர்கள்

பிரம்ம கமலம் வளர்க்கும் பல வீடுகளில் அது கள்ளி இனம் என்பதே தெரியாது. தெரிந்தவர்கள்தான் அதை அதிகம் கெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் முதல் செடியைக் கொன்றேன். கள்ளிதானே என்று பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து, மொட்டைமாடியில் மேற்கு வெயில் விழும் சுவரோரம் வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினேன். சித்திரை முடிவதற்குள் தட்டைத் தண்டுகள் மஞ்சளித்து, ஓரம் செம்பழுப்பாகி, நடுவில் சூடு போட்டதுபோல் வெளுத்த திட்டுகள் விழுந்தன. அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டும் அது தேறவில்லை.

இந்தச் செடியின் ஊர் பாலைவனம் அல்ல. மெக்சிகோவின் தென்பகுதி முதல் மத்திய அமெரிக்கா வரையுள்ள ஈரக்காடுகளில், மரக்கிளைக் கவட்டையில் சேரும் மக்கிய இலைக்குப்பையில் வேர்விட்டுத் தொங்கும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது, இடம் மட்டும்தான் கேட்கும். கிறிஸ்துமஸ் கள்ளியும் இதே வகைதான், அதன் ஊர் பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகள். நூல் நூலாகத் தொங்கும் ரிப்சாலிஸ் கள்ளியில் ஓர் இனம் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும்கூடக் காட்டில் தானாகவே வளர்கிறது. (இமயமலையின் அசல் பிரம்ம கமலம் வேறு செடி. அது கள்ளியே இல்லை. பெயரை நாம் இதற்கும் சூட்டிவிட்டோம்.)

மேலே இலை நிழல், அடிக்கடி மழை, வேரைச் சுற்றிக் காற்று. இதை மனதில் வைத்தால் மண்கலவைக் குழப்பம் பாதி தீரும். செம்மண்ணோடு சேர்ந்த பொடிமணல் நாலு தடவை தண்ணீர் விட்டதும் இறுகிவிடுகிறது, வேருக்கு மூச்சுவிட இடமில்லை. நான் இப்போது தேங்காய் மட்டைத் துண்டு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி அடுப்புக்கரியை உடைத்துப் போடுகிறேன். கோகோபீட்டை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

சரி, பாலைவனக் கள்ளி இல்லை என்றதும் சிலர் தினமும் குடம்குடமாக ஊற்றத் தொடங்குவார்கள். இது மணலை விட மோசம். ஏனென்றால் வேர் அழுகினாலும் தண்டு துவளும், தாகத்திலும் துவளும். துவண்டதைப் பார்த்து மேலும் ஊற்றுவோம். சந்தேகம் வந்தால் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி துவண்டால் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். நல்ல வேர் வெளிர்நிறமாக, இழுத்தால் தாங்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையோடு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அந்த நிலைக்குப் போன செடியில் வேரைக் காப்பாற்றப் பார்க்காமல், மேலே நன்றாக இருக்கும் தண்டுகளை வெட்டிப் புதிதாக நடுவதே மேல்.

அந்தத் துண்டை வெட்டிய கையோடு ஊன்றிவிடாதீர்கள். மூன்று நாலு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் நட வேண்டும். நாம் இலை என்று சொல்வது உண்மையில் தண்டு. தாய்ச்செடிப் பக்கம் இருந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, வெட்டும்போதே அடிமுனையில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். பெரிய தொட்டியும் வேண்டாம். வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலுக்கு வழி செய்யும்.

காலை வெயில் ஓரிரண்டு மணி நேரம் படும் கிழக்குப் பால்கனி இதற்குத் தோது. ஹால் மூலையில் வைத்தால் சாட்டை சாட்டையாக நீளும், பூக்காது. யூரியா போட்டாலும் அதே கதைதான், தண்டு மட்டும் கொழுக்கும். பார்க்க நன்றாக இல்லை என்று முதிர்ந்த தட்டைத் தண்டுகளை ஆண்டுதோறும் கழித்துவிடுவதும் தவறு, அவற்றின் ஓரப் பள்ளங்களில்தான் மொட்டு வரும்.

கிறிஸ்துமஸ் கள்ளி பற்றி ஒரு வார்த்தை. அது மொட்டுவிட நீண்ட இருட்டும் 15 டிகிரியை ஒட்டிய இரவுக் குளிரும் வேண்டும். ஊட்டியில் சரி. சென்னையில் மொட்டோடு வாங்கிய செடி மறு ஆண்டு பூக்கவில்லை என்றால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

மொட்டு வந்த செடியை இடம் மாற்றாதீர்கள், திருப்பிக்கூட வைக்காதீர்கள். உதிர்த்துவிடும். பிரம்ம கமலத்தில் தொங்கிக் கிடக்கும் மொட்டு நன்றாகப் பருத்து, கழுத்தை வளைத்து மேல்நோக்கித் தூக்கி நிற்கும் மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு மணிக்குமேல் வாய் திறக்கும், நள்ளிரவை ஒட்டி முழுதாக விரியும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தீர்களானால், உரித்த கோழிக்கழுத்து மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.