கைத்தள்ளு பேண்ட்சாவுக்குச் சல்லிசான மோட்டார் இழுவை

ஆங்கிளும் சேனலும் வெல்டிங் வைத்து வீட்டிலேயே கட்டிய படுக்கை பேண்ட்சாவில், அதாவது வளையப் பட்டை பிளேடைத் தாங்கிய வண்டி தண்டவாளத்தில் உருண்டு மரத்தடியைப் பலகையாக அறுக்கும் இயந்திரத்தில், இரண்டு மூன்று தடி அறுக்கும்வரை கையால் தள்ளுவது சிரமமில்லை. பத்துத் தடி வந்து விழுந்தால், மதியத்துக்கு மேல் கை ஓய்ந்துபோகும். தள்ளு ஒரு சீராக இருக்காது. ஒரு இடத்தில் நிற்கும், அடுத்த இடத்தில் பாயும். அது அப்படியே பலகையில் வரியாகவும் மேடுபள்ளமாகவும் விழும். இதற்கு மோட்டார் வைப்பது நல்ல வேலைதான், ஆனால் பெரிய கியர் மோட்டாராகத் தேடிப் போவதில்தான் தப்பு தொடங்குகிறது.

கணு வந்தால் கைக்குத் தெரியும். ஆணி தட்டினால் தெரியும். பிளேடு மழுங்கினாலும் தெரியும். மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது, தள்ளிக்கொண்டே போகும். பலமான மோட்டாராக இருந்தால் பிளேடு வளைந்து, வீலைவிட்டுக் கழன்று, கெட்ட நேரமென்றால் அறுந்தும் போகும். அதனால் இழுவையை வேண்டுமென்றே பலம் குறைத்துக் கட்ட வேண்டும். மோட்டார் சுற்றும் டிரம்மில் (உருளையில்) கயிற்றைச் சுற்றித்தான் வண்டியை இழுக்கப்போகிறோம்; பிளேடு திணறுவதற்கு முன் அந்தக் கயிறு வழுக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் தராசு

எந்தச் சாமானும் வாங்குமுன் 50 கிலோ ஸ்பிரிங் தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். வண்டியில் கயிறு கட்டி, தராசை இடையில் மாட்டி, தண்டவாளத்தில் சும்மா இழுத்துப் பாருங்கள். 200 கிலோ எடையுள்ள வண்டி 5 கிலோ இழுவையில் உருள வேண்டும். 8 கிலோவுக்கு மேல் காட்டினால் பேரிங்கில் தூள் அடைத்திருக்கும், அல்லது தண்டவாளம் இரண்டும் ஒரே இணையாக இல்லை. அதைச் சரிசெய்யாமல் மோட்டார் மாட்டினால் பழுதை மறைத்து வைத்த கதைதான்.

அடுத்து, கூர் போட்ட புதுப் பிளேடில் ஒரு அடி அகலத் தடியை அறுக்கும்போது அதே தராசால் இழுங்கள். தண்டவாளத்தின் கடைசிக்கு வெளியே, நீளக் கயிற்றோடு நின்று இழுக்க வேண்டும். பிளேடு வீலுக்குப் பக்கவாட்டில் நிற்கவே கூடாது. அறுந்த பிளேடு அந்தப் பக்கம்தான் வரும். பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ காட்டும். உங்கள் வண்டிக்கு வந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கயிறு வழுக்க வேண்டிய அளவு அதைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை.

மோட்டாரும் பற்சக்கரமும்

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டார் போதும். லூகாஸ் டிவிஎஸ் போன்ற பழைய உருப்படிகள் இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். பெரிய லாரி, பஸ்ஸிலிருந்து கழற்றியது பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் அது பாதி வேகத்தில் முனகும். வாங்குமுன் கடையிலேயே ஒரு பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சாக்பீஸால் தண்டில் ஒரு கோடு போட்டு, கைபேசிக் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். மெதுவேக ஒயரில் 40 சுற்று, அதிவேக ஒயரில் 60 சுற்று வாக்கில் வரும். மெதுவேக ஒயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பரை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பார்க்கிங் ஒயர் நமக்குத் தேவையில்லை, டேப் சுற்றி விடுங்கள்.

இந்தத் தண்டில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கியர் பல மோட்டாரில் நைலான். சூடு ஏறியதும் பல் இளகி, ஒரு மாதத்தில் மோட்டார் சுற்றும், தண்டு நிற்கும். மதுரையில் கே. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் தண்டின் சரிவுக்குத் தோதாக ஒரு புஷ் (துளையுள்ள உருளை) கடைந்து, அந்தப் புஷ்ஷில் 18 பல் சைக்கிள் ஃப்ரீவீலைப் பற்றவைத்து எடுத்து வந்து, தண்டின் சொந்த நட்டால் இறுக்குங்கள். ஃப்ரீவீல் உள்ளே சும்மா சுற்றாமல் இருக்க மூன்று இடத்தில் பொட்டு வெல்டிங் வைக்க வேண்டும்.

அடுத்தது டிரம் தண்டு, 20 மி.மீ. தடிமன், இரண்டு பி 204 பில்லோ பிளாக் பேரிங்கில் நிற்கும். அதில் சைக்கிளின் 44 பல் பெடல் சக்கரம். இரண்டுக்கும் இடையே சாதாரண சைக்கிள் செயின். 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. மோட்டாரின் 40 சுற்று இங்கே 16 சுற்று சொச்சமாகக் குறையும். டிரம்மின் குறுக்களவு 75 மி.மீ. என்றால் சுற்றளவு 236 மி.மீ.; ஆக வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.9 மீட்டர் போகும். அதுதான் உச்சம், வேகக் குமிழைத் திருகி இதற்குக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

இழுவைக் கணக்கும் பார்த்துவிடலாம். மோட்டார் தண்டில் சூடாகாமல் தொடர்ந்து 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், டிரம் தண்டில் செயின் இழப்புபோக 10. அதை டிரம்மின் பாதிக் குறுக்களவான 0.0375 மீட்டரால் வகுத்தால் 27 கிலோ இழுவை. தராசில் 15 காட்டிய வண்டிக்கு இது தாராளம்.

டிரம், கயிறு, பின்

வேலையின் உயிரே இங்கேதான். செயினைத் தண்டவாளம் நெடுகப் போட்டும் இழுக்கலாம், ஆனால் எண்ணெய்ச் செயினும் மரத்தூளும் சேர்ந்தால் களிமண் மாதிரி இறுகும். தவிர, செயின் வழுக்காது. நமக்கு வேண்டியதே வழுக்கல். நைலான் கயிறு வழுக்கும், ஆனால் நீளும். நீண்டு, சேர்த்துவைத்துப் பாயும். வண்டி தவளைமாதிரி குதிக்கும். 3 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிறுதான் சரி. நீளம் தண்டவாளத்தைவிட ஒன்றரை மீட்டர் கூடுதலாக இருக்கட்டும்.

கயிற்றின் ஒரு முனையைத் தண்டவாளத்தின் முன்கோடியில் அசையாமல் கட்டுங்கள், முனைக்கு இரண்டு யூ கிளாம்ப். கிளாம்பின் வளைவு வெட்டிவிட்ட வால் பக்கம் அழுந்த வேண்டும், சுமை தாங்கும் பக்கம் அல்ல. அங்கிருந்து வரும் கயிறு வண்டியில் உள்ள டிரம்மை இரண்டு சுற்றுச் சுற்றி, பின்கோடிக்குப் போகும். பின்கோடியில் நேராகக் கட்டாமல், ஒரு டர்ன்பக்கிளும் (திருகிக் கயிற்றை இறுக்கும் கொக்கி) ஒரு இழு ஸ்பிரிங்கும் வழியாகக் கட்ட வேண்டும். 4 கிலோ தொங்கவிட்டால் 40 மி.மீ. நீளும் ஸ்பிரிங் பொருத்தம். 4 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டே இதைப் பார்த்துவிடலாம்.

இந்த ஸ்பிரிங் எதற்கு? டிரம்மில் சுற்றிய கயிறு எவ்வளவு இழுக்கும் என்பது பின்பக்கத் தளர்ந்த கயிற்றில் எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உலர்ந்த எஃகில் இரண்டு சுற்றுக்கு அது ஆறு, ஆறரை மடங்காகும். பின்னால் 4 கிலோ பிடித்தால் முன்னால் 25 கிலோ வரை இழுத்து, அதற்கு மேல் வழுக்கும். மூன்று சுற்றுப் போட்டால் இதே 4 கிலோ 60 கிலோவைத் தாண்டும். ‘இன்னொரு சுற்றுப் போட்டால் கெட்டியாக இருக்குமே’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முடித்ததும் தராசை வைத்தே சரிபாருங்கள்: வண்டியைப் பின்னால் கட்டிப் பிடித்து மோட்டாரை ஓடவிட்டால், நீங்கள் எழுதிவைத்த அளவில் டிரம் கயிற்றுக்குள் சுற்ற வேண்டும். கூடக் குறைய இருந்தால் டர்ன்பக்கிளைத் திருகினால் போதும்.

டிரம்மைச் சமமான உருளையாகக் கடைந்தால் கயிறு சுற்றச் சுற்ற ஓரத்துக்கு நகர்ந்து, விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கும். நடுவில் 75, இரு ஓரத்திலும் 85 மி.மீ. என்று உடுக்கைபோல இடை சிறுத்துக் கடையச் சொல்லுங்கள். கயிறு தானாக நடுவுக்குச் சரிந்துகொள்ளும்.

டிரம் தண்டோடு பற்றவைத்ததாக இருக்கக் கூடாது. உள்ளே பித்தளைப் புஷ் போட்டு, தண்டில் சும்மா சுற்றும்படி விடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டைத் தண்டோடு பற்றவைத்து, தட்டிலிருந்து டிரம்முக்குள் போகும் 10 மி.மீ. பின் (செருகி உருவும் முளை) ஒன்று வையுங்கள். பின் உள்ளே இருந்தால் மோட்டார் இழுக்கும். உருவினால் வண்டி கைக்கு இலகுவாக உருளும். வைப்பர் மோட்டாரின் வார்ம் கியரைப் பின்னோக்கித் தள்ள முடியாது. பின் இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் வண்டி நட்டநடுவில் பூட்டிக்கொள்ளும்.

இதனால் இன்னொரு லாபம், ரிவர்ஸ் தேவையில்லை. நான்கு மீட்டர் தடி அறுத்த வண்டியை மோட்டாரில் திரும்பக் கொண்டுவர ஒரு நிமிடம், கையில் பத்து வினாடி. ரிவர்ஸ் வைத்தே தீருவேன் என்பவர்கள் கவனிக்க வேண்டியது: பல வைப்பர் மோட்டாரில் நெகட்டிவ் உடம்போடு சேர்ந்திருக்கும், ஆகவே மோட்டாரை ரப்பர் வைத்து இரும்பிலிருந்து பிரிக்க வேண்டும், ஸ்பிரிங்கும் இரு கோடியிலும் வேண்டும்.

கயிறு ஒரு பக்கத் தண்டவாளத்தை ஒட்டித்தான் போக முடியும், நடுவில் தடி கிடக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் வண்டி கோணும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், தண்டவாள அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால் கோணல் பெரிதாகத் தெரியாது. குறைவாக இருந்தால் இழுக்கும் பக்கத்துச் சக்கரங்களின் அருகே, தண்டவாளத்தின் இரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி விட்டு பேரிங் உருளைகள் வையுங்கள்.

ஒயரிங்

பேட்டரியை வண்டியிலேயே வைப்பது நல்லது. பிளேடைச் சுற்றும் மூன்று பேஸ் மெயின் மோட்டாருக்குப் போகும் கேபிளில் நியூட்ரல் வராது, ஆகவே அங்கிருந்து சார்ஜர் யூனிட்டுக்கு 230 வோல்ட் எடுக்க வழியில்லை. 35 ஆம்பியர் மணி கார் பேட்டரி 5 ஆம்பியர் ஓட்டத்தில் ஐந்து மணி நேரம் தாராளமாக வரும். ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ், சிவப்புக் காளான் சுவிட்ச், 30 ஆம்பியர் ஹாரன் ரிலே, 20 ஆம்பியர் அம்மீட்டர், பி.டபிள்யூ.எம். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, பிறகு மோட்டார். ஒயர் 2.5 சதுர மி.மீ. பலகையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்ததை நம்பாதீர்கள், 20 அல்லது 30 ஆம்பியர் போட்டதை வாங்குங்கள். அதன் நெகட்டிவ் முனைகளை உடம்போடு சேர்க்கலாமா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பல பலகைகள் மோட்டாரின் நெகட்டிவ் பக்கத்தைத்தான் வெட்டி வெட்டி விடும். அப்படியானால் நெகட்டிவ் உடம்பில் உள்ள மோட்டாருக்கு, ரிவர்ஸ் இல்லாவிட்டாலும், அந்த ரப்பர் வேலை தேவைப்படும்.

ரிலேயின் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரில் மூன்றைத் தொடராகக் கோர்க்கவும். ஒன்று, வண்டி முன்கோடியைத் தொட்டதும் அணைக்கும் லிமிட் சுவிட்ச். இரண்டு, மெயின் மோட்டார் ஸ்டார்ட்டரில் உபரியாக உள்ள ஆக்ஸிலரி காண்டாக்ட். ஓவர்லோடு விழுந்து பிளேடு நின்றால் இழுவையும் அந்த நொடியே நிற்கும். டீசல் இஞ்சினில் ஓடுபவர்களுக்கு இந்த வசதி இல்லை. மூன்று, அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் கைச் சுவிட்ச். போட்டுவிட்டு நகரும் சுவிட்ச் வைக்காதீர்கள். பிடித்திருந்த கை விட்டதும் வண்டி நிற்க வேண்டும்.

மோட்டாரைத் தூள் பறக்கும் பக்கத்துக்கு எதிரே, அடிப்பக்கம் திறந்த தகர டப்பாவுக்குள் மாட்டுங்கள். முழுதாக மூடினால் சித்திரை வெயிலில் அதுவே அடுப்பாகிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது

பின் உருவிய நிலையில் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள், பிறகு பின் போட்டுத் தடி இல்லாமல் ஒரு ஓட்டம். அம்மீட்டர் 3, 4 ஆம்பியர் காட்டும். அறுக்கும்போது 5 முதல் 7. பத்தைத் தாண்டியும் வழுக்கவில்லை என்றால் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம்.

வேகத்தை மரம்தான் சொல்லும். 5 எச்.பி. மோட்டாரில் ஒரு அடி அகலத்துக்கு, மா, மலைவேம்பு என்றால் நிமிடத்துக்கு 3.5 மீட்டரில் தொடங்கலாம். வேம்பு, பூவரசு 2.5. வைரம் பாய்ந்த புளி, கருவேலம் 1.5. தென்னையில் மேலோட்டுப் பகுதியில் மெதுவாகவும் உள்ளே வேகமாகவும் போக வேண்டியிருக்கும். குமிழில் கை இருக்கட்டும். மெயின் மோட்டாரில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்ப்பது இன்னும் துல்லியம். 5 எச்.பி. மோட்டாரின் முழுச் சுமை ஏழரை ஆம்பியர் அளவில் இருக்கும். அதை ஒட்டிப் போகும்வரை சரி, தாண்டினால் குமிழைக் குறையுங்கள்.

ரொம்ப மெதுவாகப் போவதும் தப்புதான். பல் மரத்தைக் கடிக்காமல் தேய்க்கும், தூள் மாவாக விழும், பிளேடு சூடேறி மழுங்கும். தூளைக் கையில் எடுத்தால் சொரசொரப்பாக ரவைபோல இருக்க வேண்டும். பலகை அலையடித்தால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பிளேடைக் கழற்றிக் கூர் பாருங்கள். குமிழைக் கால்வாசிக்குக் கீழே இறக்கினால் மோட்டார் கீச்சென்று கத்திச் சுற்றாமல் சூடாகும். அவ்வளவு மெதுவேகம் அடிக்கடி தேவைப்பட்டால் 50 மி.மீ. டிரம் கடைந்து மாட்டுங்கள், உச்ச வேகமே 2.6 மீட்டராக இறங்கிவிடும். இழுவை கூடும் என்பதால் தராசுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

சாலையோரப் புளி, வேம்பில் போர்டு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். பட்டையை உரித்து, கரும்நீலக் கறை தெரியும் இடத்தைக் கொத்திப் பார்க்காமல் மோட்டார் இழுவையில் ஏற்றாதீர்கள். சந்தேகமான தடியைப் பின் உருவிக் கையாலேயே தள்ளி அறுப்பது நல்லது.

வாரம் ஒருமுறை டிரம்மைப் பிசின் போகத் துணியால் துடையுங்கள். எண்ணெய் படக் கூடாது, பட்டால் வழுக்கும் அளவு மாறிவிடும். கயிற்றில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டினாலும் கயிற்றையே மாற்றிவிடுங்கள்.