குழந்தைகளுக்குத் தீங்கான பதிவைப் புகார் செய்யும்போது நாம் செய்கிற தவறுகள்

ஒரு நாள் காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பெரியவர் ஒருவர் சின்னப் பிள்ளையைப் போட்டு அடிக்கிறார். கீழே, "இவனைப் பிடிக்கும்வரை பகிருங்கள்" என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் நல்ல மனசுக்காரர். வயிறு எரிந்துதான் அனுப்பினார். மாலைக்குள் அதே வீடியோ இன்னும் மூன்று குழுக்களில் எனக்கு வந்துவிட்டது. யாராவது இதைப் புகார் செய்தீர்களா என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை.

குழந்தைக்கு நடக்கும் கொடுமையைப் பார்த்ததும் நாலு பேரிடம் காட்டத்தான் கை துடிக்கிறது. ஆனால் புகாருக்கு வேண்டியது அந்தப் படமோ வீடியோவோ அல்ல, அது எங்கே இருக்கிறது என்கிற முகவரி. நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல் வருவதுதான்.

முதல் தவறு, எச்சரிக்கை என்று சொல்லிப் பகிர்வது. அடி வாங்கிய பிள்ளையின் முகம் ஆயிரக்கணக்கான போன்களுக்குப் போகிறது. நாளை அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும், வளரும், வேலை தேடும். அந்த வீடியோவும் கூடவே வரும். பழைய வீடியோவாக இருந்தால் பிள்ளை எப்போதோ மீட்கப்பட்டிருக்கலாம், ஆள் எப்போதோ பிடிபட்டிருக்கலாம். ஆனாலும் வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பொதுத் தளங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. திட்டி கமெண்ட் போட்டாலும், மேற்கோள் காட்டிப் பதிவு போட்டாலும், "இதற்கு நிறையப் பேர் எதிர்வினை செய்கிறார்கள்" என்றுதான் பெரும்பாலும் தளத்தின் கணக்கில் ஏறும். அது இன்னும் பல பேருக்குக் காட்டப்படும்.

அது பாலியல் காட்சி என்றால் பகிர்வது பெருங்குற்றம். பெரும்பாலான நாடுகளின் சட்டம் "நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்" என்பதை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. இதை 'குழந்தை ஆபாசப் படம்' என்று சொல்ல வேண்டாம் என்று 2016-இல் வெளியான லக்சம்பர்க் வழிகாட்டுதல்கள் பரிந்துரைத்தன; குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிப் பேச எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கையேடு அது. அந்தச் சொல், ஏதோ சம்மதத்தோடு எடுத்த படம் போல ஒலிக்கிறது. அது ஒரு குழந்தையின் மீது நடந்த குற்றத்தின் பதிவு. அப்படி நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு ஃபார்வர்டிலும் அந்தக் குற்றம் திரும்ப நடக்கிறது என்பது புரியும்.

ஆதாரம் வேண்டுமே என்று ஸ்கிரீன்ஷாட் எடுப்பது அடுத்தது. இங்கே நிறையப் பேருக்குக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். குழந்தையின் பாலியல் படமோ வீடியோவோ என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், டவுன்லோடு செய்யாதீர்கள். அதை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். பதிவின் லிங்க், கணக்கின் யூசர் நேம், பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; அது போதும். கணக்கின் காட்சிப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு பயனில்லை, அதை நிமிடத்தில் மாற்றிவிடலாம். யூசர் நேமையும் மாற்ற முடியும் என்பதால் லிங்க்கும் சேர்ந்து இருக்கட்டும்.

மிரட்டல், கேலி, பிள்ளையிடம் நைசாகப் பேசிப் படம் கேட்கும் உரையாடல் போன்றவை வேறு வகை. படம் இல்லாத வெறும் எழுத்து உரையாடல் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது, பின்னால் காவல்துறைக்கு உதவும். அதையும் நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே செய்திகள் இரு முனையிலும் பூட்டப்பட்டவை என்பதால் நிறுவனத்தால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. நீங்கள் ரிப்போர்ட் செய்தால்தான், அந்த நபரோ குழுவோ உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய செய்திகளில் ஐந்து வரை நிறுவனத்துக்குப் போகும். ரிப்போர்ட் செய்தது யார் என்று அந்த நபருக்கோ குழுவுக்கோ சொல்லப்படாது. ஆகவே "குழுவில் இருந்து வெளியேறிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்பதும் தவறுதான். அந்தக் குறிப்பிட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதையே ரிப்போர்ட் செய்யுங்கள், அப்புறம் வெளியேறுங்கள். மீடியா தானாக டவுன்லோடு ஆகும் வசதியை இன்றே அணைத்து வைப்பதும் நல்லது. கேட்காமலே அந்தக் காட்சி உங்கள் போன் கேலரிக்குள் வந்து உட்காராது.

இதே வரிசைதான் மற்ற இடங்களிலும். குறித்துக்கொள்வது, ரிப்போர்ட், பிறகு பிளாக். பதற்றத்தில் முதலில் பிளாக் செய்து, உரையாடல் முழுவதையும் டெலிட் செய்துவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் அதிகம்.

எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முக்கியம். அவசரத்தில் 'ஸ்பேம்' என்றோ 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றோ அழுத்திவிடுகிறோம். அந்தத் தேர்வை வைத்துத்தான் புகார் எந்த வரிசைக்குப் போகிறது, எவ்வளவு அவசரமாகப் பார்க்கப்படுகிறது என்பது பெரும்பாலும் முடிவாகிறது. குழந்தை சம்பந்தப்பட்ட பிரிவு உள்ளே இரண்டாவது மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கலாம், தேடி எடுங்கள். சில நேரம் பதிவில் ஒன்றுமே தவறாக இருக்காது. ஒரு பிள்ளை நடனம் ஆடுகிற சாதாரண வீடியோதான், ஆனால் கீழே வந்து குவிகிற கமெண்ட்டுகள்தான் அசிங்கம். அங்கே வீடியோவை ரிப்போர்ட் செய்தால் "விதி மீறல் இல்லை" என்று பதில் வரும், அந்தக் குடும்பத்துக்கும் வீண் சிரமம். கமெண்ட்டுகளையும் அவற்றை எழுதிய கணக்குகளையும் ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

"எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடிங்க" என்று லிங்க்கைப் பரப்புவது பற்றி ஒரே வரி: எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை வைத்துப் பதிவை நீக்குவதில்லை என்று பேஸ்புக்கே சொல்கிறது, ஆனால் லிங்க் பரவுவதால் பார்ப்பவர்கள் கூடுகிறார்கள்.

"ரிப்போர்ட் செய்தால் என் பெயர் தெரிந்துவிடுமே" என்று பயந்து நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. பெரிய தளங்களில் புகார் செய்தவரின் பெயரை எதிர்த்தரப்புக்குச் சொல்வதில்லை. காப்புரிமைப் புகார் மட்டும் விதிவிலக்கு, அதில் உங்கள் பெயர் போகலாம். உங்கள் பிள்ளையின் படத்தை யாரோ திருடிப் போட்டால் அந்த வழியில் போவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

தளம் "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் அனுப்பியதும் கைவிட்டுவிடுவது, என் பார்வையில், பகிர்வதற்கு அடுத்த பெரிய தவறு. முதல் பரிசீலனையை இயந்திரம் செய்திருக்கலாம். மறுபரிசீலனை கேட்கும் வசதி இருந்தால் கேளுங்கள். தளத்துக்கு வெளியேயும் கதவுகள் இருக்கின்றன. பிரிட்டனின் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன், குழந்தைகளின் பாலியல் படங்கள் பற்றிய புகார்களை வாங்கி அவற்றை நீக்க வைப்பதையே 1996 முதல் வேலையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 1998-இல் சைபர்டிப்லைன் என்ற புகார் வழியைத் தொடங்கியது. 1999-இல் உருவான இன்ஹோப், பல நாடுகளின் புகார் மையங்களை இணைக்கும் வலையமைப்பு. உங்கள் நாட்டின் மையம் எது என்பதை அதன் தளத்தில் தேடலாம். பிள்ளைக்கு இப்போதே ஆபத்து என்று தோன்றினால் இவை எதற்கும் காத்திருக்காமல் முதலில் காவல்துறையை அழையுங்கள். தளத்தில் ரிப்போர்ட் செய்தது காவல்துறைக்குச் சொன்னதற்குச் சமம் ஆகாது.

ஒரே ஒரு புகாரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஹேனி ஃபரித் என்ற பேராசிரியரும் சேர்ந்து 2009-இல் ஃபோட்டோடிஎன்ஏ என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். ஒரு படத்திலிருந்து கைரேகை போல ஒரு எண்வரிசையை அது எடுக்கும். ஒருவர் செய்த புகாரில் ஒரு படம் உறுதிசெய்யப்பட்டு அந்தக் கைரேகை, தளங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டால், அதே படத்தைச் சற்று மாற்றி வேறொரு தளத்தில் யாரோ ஏற்றும்போதும் அங்கே அது சிக்கலாம்.

நாமே துப்பறியக் கிளம்புவதும் வேண்டாம். பொய்க்கணக்குத் தொடங்கி அந்த ஆளிடம் பேச்சுக் கொடுப்பது, "உன்னை விடமாட்டேன்" என்று மெசேஜ் போடுவது, இன்னும் என்னென்ன வைத்திருக்கிறான் என்று அவன் கணக்கைத் தோண்டுவது எல்லாம் அவனை உஷார்ப்படுத்தும். கணக்கை அழித்துவிட்டு ஓடிவிடுவான். அதே போல, 'இது ஏஐ செய்த போலிப் படம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். உண்மையான ஒரு பிள்ளையின் முகத்தை ஒட்டியிருந்தால் அவமானம் அந்தப் பிள்ளைக்குத்தான். போலியா இல்லையா என்று முடிவு செய்யும் வேலையும் நம்முடையது இல்லை.

கடைசியாக, பாதிக்கப்பட்டது நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தால். பிள்ளை அனுப்பிய அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு "பணம் கொடு, இல்லையென்றால் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டும் கும்பல்களிடம் பதின்வயதுப் பையன்களும் நிறையச் சிக்குகிறார்கள். அந்த நேரத்தில் "நீ ஏன் அனுப்பினாய்?" என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், உரையாடலையும் அழித்துவிடும். போனைப் பிடுங்கினாலும் அதேதான். பக்கத்தில் உட்காருங்கள். "தப்பு அவனுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பணம் அனுப்பாதீர்கள், கொடுத்தால் மேலும் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால், அதே அமெரிக்க மையம் நடத்தும் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, அது உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். பெயரும் கேட்பதில்லை. பிள்ளை விரும்பினால் அவர்களே செய்யட்டும், நீங்கள் கூட இருங்கள்.