பால்வினை நோய்ப் பரிசோதனை: காசு எங்கே வீணாகிறது?

எந்த லேபில் கட்டணம் குறைவு என்றுதான் பலரும் முதலில் தேடுகிறார்கள். உண்மையில் காசு கரைவது தேவையில்லாத டெஸ்ட்டிலும், நாள் பார்க்காமல் கொடுத்த ரத்தத்திலும்தான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, நம்பிக்கை மையத்தை மறந்துவிடுவது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் இந்த மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. எங்கே இருக்கிறது என்று 1097 உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தால், பக்கத்து ஊர் மையத்துக்குப் போங்கள். பஸ் காசோடு முடிந்துவிடும்.

அடுத்தது அவசரம். பாதுகாப்பில்லாத உறவுக்கு மறுநாளே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தால் 'நெகட்டிவ்' என்றுதான் வரும், அதற்கு அர்த்தமில்லை. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட்டுக்கு (வைரஸின் புரதத்தையும், அதற்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்ப்பது) 45 நாள், விரலில் குத்திப் பார்ப்பதற்கு 90 நாள் வரை ஆகலாம். ஆனால் பயம் உண்மையானது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மருந்துக்கு அதுதான் கெடு.

அப்புறம் இந்த 'ஃபுல் பேக்கேஜ்'. பட்டியல் நீளமாக இருந்தால் லாபம் என்று தோன்றும். அதில் ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. (ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனை) இருக்கும், அறிகுறி இல்லாதவருக்கு அது தேவையே இல்லை, தவறான பாசிட்டிவ் வந்து தூக்கம் போவதுதான் மிச்சம். கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கும். இப்போது தொற்று இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்குச் சிறுநீரிலோ, பெண்கள் தாமே எடுத்துத் தரும் ஸ்வாபிலோ பி.சி.ஆர். பார்க்க வேண்டும். சிறுநீர் என்றால் ஒரு மணி நேரம் அடக்கி வைத்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். நடுவில் வருவதைக் கொடுத்தால் தொற்று தப்பிவிடலாம்.

சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். என்ற முதல்கட்ட ரத்தப் பரிசோதனை மலிவு. பாசிட்டிவ் வந்தாலும் பதற வேண்டாம்: கர்ப்பம், மலேரியாவிலும் அப்படி வருவதுண்டு, டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதி செய்வார்கள். ஒருமுறை சிகிச்சை முடித்தவர் டி.பி.எச்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண். பெரும்பாலும் அது ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள். துணையை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் சிகிச்சை எடுத்தால், தொற்றும் பில்லும் மறுபடி வரும். கிளமிடியாவுக்கு மருந்து முடித்த நான்கு வாரத்துக்குள் மறுபரிசோதனை வேண்டாம், செத்த கிருமியின் மிச்சம்கூடப் பாசிட்டிவ் காட்டும். மூன்று மாதம் கழித்து எடுங்கள்.