லைனர் போட்டும் தொடை ஓரம் கசிந்தது: நான் சரிசெய்த விதம்

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்து இட்லி, பருப்புசாதம் ஆரம்பித்ததும் மலம் கெட்டியானது. துணி டயப்பரைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோக, மேலே விரித்துப் போட்டுத் தூக்கி எறியும் விஸ்கோஸ் லைனர் வாங்கினேன். மலம் அதிலேயே நின்றது. ஆனால் தொடை ஓரமாகக் கவுன் நனைய ஆரம்பித்தது.

கழற்றிப் பார்த்தால் டயப்பருக்குள் ஈரத்தை உறிஞ்சும் பேட் பாதி காய்ந்தே இருக்கிறது! அப்படியென்றால் உறிஞ்சுவதில் குறையில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லைனரின் ஓரம் எலாஸ்டிக்கைத் தாண்டி நூலளவு வெளியே நீட்டியிருந்தது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது ஈரத்தை வெளியே கடத்தியிருக்கிறது.

இப்போது இரண்டு ஓரத்தையும் விரல் அகலம் உள்பக்கமாக மடித்துவிட்டுத்தான் போடுகிறேன். மாட்டியபின் தொடை மடிப்பில் விரலை ஒரு சுற்று ஓட்டி, வெள்ளையாக எதுவும் எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பேன். கசிவு நின்றுவிட்டது.

தேங்காய் எண்ணெயோ ரேஷ் கிரீமோ தடவினால் லைனர் அவசியம் வேண்டும். அந்த எண்ணெய்ப்பசை பேடில் ஏறிவிட்டால் அது சரியாக உறிஞ்சாது.

பாக்கெட்டில் ‘கழிவறையில் போடலாம்’ என்று அச்சிட்டிருந்தாலும் தயவுசெய்து போடாதீர்கள். டிஷ்யூ மாதிரி தண்ணீரில் பிரியாது, குழாயை அடைத்துவிடும். மலத்தை மட்டும் உள்ளே தட்டிவிட்டு லைனரைக் குப்பையில் போடுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தச் செலவே வேண்டாம். நீர்த்த மலம் லைனரை ஊடுருவிவிடும், துணியில் பட்டாலும் அலசினாலே போய்விடும்.