மலிவு டர்போ வாங்குவதற்கு முன்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ பாதி விலையில் கிடைத்தால் வாங்கலாமா? தினமும் ஓட்டும் வண்டி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் பேலன்ஸ் துளி பிசகினாலும் பேரிங் தேய்ந்துவிடும். மலிவு சரக்கில் பெரும்பாலும் கைவைப்பது இந்த பேலன்ஸிலும் டர்பைன் சக்கரத்தின் உலோகத்திலும்தான். வெளிப்பார்வைக்கு நல்லதும் மலிவானதும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

கையில் எடுத்ததும் ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. ஆனால் முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவு நகர்ந்தாலோ, சக்கரம் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உரசினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேலன்ஸ் ரிப்போர்ட்டும் கேளுங்கள். செலவு கட்டுப்படியாகவில்லையா? ஹவுசிங் நன்றாக இருந்தால், நல்ல கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் (ஷாஃப்ட், சக்கரங்கள், பேரிங் அடங்கிய நடுப்பகுதி) மட்டும் மாற்றலாம், அல்லது நம்பகமான இடத்தில் ரீகண்டிஷன் செய்யலாம்.

அப்புறம் ஒன்று. பழைய டர்போ ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். பல நேரம் ஆயில் பைப்பில் கார்பன் அடைத்திருக்கும், அதையும் மாற்றுங்கள். ஆயில், ஃபில்டர் புதிதாகப் போட்டு, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உலோகத் துகள்களையும் கழுவுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள்.