பிள்ளை பிரதிஷ்டைக்கு கூப்ட்டிருக்காங்களா? போறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

பெந்தெகொஸ்தே சபைக்குப் போற ஃப்ரெண்டு வீட்ல குழந்தை, வர்ற ஞாயித்துக்கிழமை பிரதிஷ்டை, குடும்பமா வந்துருங்கன்னு வாட்ஸப்ல இன்விடேஷன் வந்திருச்சு, எங்க உக்கார்றது என்ன வாங்கிட்டு போறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இது.

மொதல்ல, இது ஞானஸ்நானம் இல்ல. சிஎஸ்ஐ, ஆர்சி (ரோமன் கத்தோலிக்) மாதிரி சபைங்கள்லதான் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் குடுப்பாங்க. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைங்கள்ல அது வளந்தப்புறம் அவங்களா முடிவு பண்ணி தண்ணில முழுகி எடுக்குறது, அதனால இப்போதைக்கு பிள்ளைய கர்த்தர் கைல ஒப்புக்கொடுத்து ஜெபம் மட்டும்தான். பைபிள்ல அன்னாள் தன் மகன் சாமுவேல கொண்டு போய் ஆலயத்துல விட்டது, இல்ல மரியாளும் யோசேப்பும் இயேசுவ எருசலேமுக்கு தூக்கிட்டுப் போனது, இதுல ஏதாவது ஒண்ண பாஸ்டர் வாசிப்பாரு. பிள்ளை பெத்த அம்மாவோட சுத்திகரிப்புக்கு பையன்னா 40 நாள் பொண்ணுன்னா 80 நாள்ங்கிற கணக்கு பைபிள்ல லேவியராகமம் 12ல இருக்கு, ஆனா இப்ப பெரும்பாலும் அம்மாவுக்கு உடம்பு தேறணும் ஊர்லேர்ந்து தாத்தா பாட்டி வரணும், அத வெச்சுதான் தேதி.

பிரதிஷ்டை தனி ஃபங்ஷன்லாம் கெடையாது, ஞாயிறு ஆராதனைக்கு நடுவுல ஒரு பத்து நிமிஷம், ஆராதனையோ ரெண்டு மூணு மணி நேரம் ஓடும். சில சபைல பாட்டு முடிஞ்சதும் வெச்சிருவாங்க, சில சபைல செய்திக்கு (பிரசங்கத்துக்கு) அப்புறம், அதனால எப்ப வரும்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுக்குங்க, இல்லன்னா நீங்க நேரா பிரியாணிக்குத்தான் போய் நிப்பீங்க.

செருப்ப வாசல்லயே விட்ருங்க. பல எடத்துல ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், கீழ பாய்லதான் உக்காரணும், முட்டி வலின்னா பின்னாடி பிளாஸ்டிக் சேர் இருக்கும். பொம்பளைங்க ஜெபத்துக்கு முக்காடு போடுவாங்க, துப்பட்டா இருந்தா சௌகரியம். எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா ஜெபம் பண்ணுவாங்க, அந்நிய பாஷை பேசுவாங்க (ஆவில நெறஞ்சு நமக்குப் புரியாத வார்த்தைல ஜெபிக்கிறது), பயந்துராதீங்க, சும்மா எழுந்து நின்னா போதும். மாசத்து மொத ஞாயிறுன்னா ராப்போஜனம் (இயேசுவ நெனச்சு அப்பமும் திராட்சை ரசமும் எடுக்குறது) இருக்கலாம், அந்தத் தட்டு வந்தா எடுக்காம அடுத்தவங்களுக்கு நகத்திருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

அந்தப் பத்து நிமிஷம் பாக்க நல்லாருக்கும். அப்பா அம்மா முன்னாடி வந்து நிப்பாங்க, வேதத்தின்படி வளப்பீங்களான்னு பாஸ்டர் கேப்பாரு, வளப்போம்னு சொன்னதும் குழந்தைய கைல வாங்கி பேர மைக்ல சொல்லுவாரு, அதுக்குள்ள அது மைக்க புடிச்சு இழுக்கும் இல்ல வீல்னு கத்தும். பேர் புரியலன்னா விடுங்க, அப்பா பேர்ல பாதி அம்மா பேர்ல பாதி ஒட்ட வெச்சதா இருக்கும். போட்டோ எடுக்க தனியா ஆள் வெச்சிருப்பாங்க, நீங்க ஃபோனத் தூக்கிட்டு முன்னாடி ஓடாதீங்க.

கிஃப்ட்டுதான் கொஞ்சம் சிக்கல். நகையே போடாத சபைங்க நெறைய இருக்கு, தங்க மோதிரம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுருங்க. திருஷ்டிக் கயிறு, கருப்பு வளையல் வேணாம். டிரெஸ்ஸு, டயப்பர் பேக்கு, மொய் கவர், எல்லாம் ஓகே, ஆனா அந்தக் கவர காணிக்கைப் பைல போட்டுராதீங்க, அது சபைக்குப் போயிரும், மதியம் பந்தில பிள்ளையோட அப்பா கைல குடுங்க. இலைல பிரியாணி வந்தாலும் ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் கை வைக்காம இருங்க.