ஊட்னடாட்டா மண்சாலையில் முதல் முகாம் பயணம்: டயரிலிருந்து தொடங்குங்கள்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் நீளும் மண்சாலைதான் ஊட்னடாட்டா டிராக். 1980இல் மூடப்பட்ட பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே போகும். மண்சாலைப் பயணத்துக்குப் புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாதை சொல்வது கடினம், ஏனென்றால் சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒரு முறை டீசல் கிடைக்கும்: மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா. அதனால் கேன் கேனாக எரிபொருள் சுமக்க வேண்டாம். பயணம் கெடுவது பெரும்பாலும் டயரால்தான்.

புறப்படும் முன்

மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. கோடையில் அங்கே வண்டி நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. வாடகை வண்டி என்றால் மண்சாலையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். அனுமதி இல்லாவிட்டால் காப்பீடும் இருக்காது.

நான்கு சக்கரங்களும் இயங்கும் (4x4) வண்டி, தடித்த சுவர் கொண்ட லைட் டிரக் ரக டயர்கள், முடிந்தால் இரண்டு ஸ்டெப்னி. அதோடு காற்று கம்ப்ரஸர், பிரஷர் கேஜ், பஞ்சர் கிட், ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு. பலகை இல்லாவிட்டால் ஜாக்கி மண்ணில் புதையும், வண்டி உயராது. ஸ்டெப்னியை வீட்டு வாசலிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். நட்டுகள் துருப்பிடித்திருப்பது அப்போதுதான் தெரியும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். மொத்தத்தையும் ஒரே கேனில் நிரப்பாதீர்கள். ஒன்று விரிசல் விட்டாலும் மற்றது இருக்கும். ஊர்களுக்கு வெளியே கைபேசி சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் போனோ, செயற்கைக்கோள் வழியாக ஆபத்து சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கனோ கட்டாயம்.

காற்றைக் குறைப்பது

தார்ச்சாலையில் டயர் காற்றழுத்தம் 38 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அளவு) வைத்திருந்தால், மண்சாலை தொடங்கும் இடத்தில் 28 அளவுக்கு இறக்குங்கள். காற்று குறைந்த டயர் கூர்கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், விறைத்த டயரைக் கல் குத்திக் கிழிக்கும். ஆனால் வளையும் டயர் சூடாகும். அதனால் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி கேஜை வையுங்கள். 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் வேகம் அதிகம், அல்லது காற்று போதவில்லை. ஏறியதைப் பார்த்துச் சூடான டயரில் காற்றைத் திறந்துவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. டயர் ஆறியதும் காற்று இன்னும் குறைந்து, பக்கச்சுவர் நசுங்கி வெடிக்கும்.

ஓட்டும்போது

சாலைக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்புகள் ஓடும். அவற்றின் அதிர்வு வண்டியையே உலுக்கி எடுக்கும். தினமும் காலையில் சக்கர நட்டு, பேட்டரி முனை, கூரைமேல் கட்டிய சாமான் மூன்றையும் தொட்டு இறுக்கிப் பாருங்கள். குளிர்பான டின்கள் ஒன்றோடொன்று உரசி ஓட்டையாகிவிடும், துண்டு சுற்றி வையுங்கள்.

எதிரே நீளமான ரோடு ட்ரெய்ன் லாரி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கும்வரை காத்திருங்கள். பொழுது சாயுமுன் முகாம் போட்டுவிடுங்கள். கங்காருவும் மாடும் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும். விலங்கு குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் பிடியுங்கள். சரளையில் ஸ்டியரிங்கை வெட்டினால் வண்டி கவிழும்.

மழை பெய்தால் களிமண் சாலை மூடப்படும். 'மூடப்பட்டது' பலகையைத் தாண்டினால் அபராதம். ஒவ்வொரு காலையும் அரசின் சாலை நிலவர அறிக்கையைப் பார்த்துவிட்டு, சிக்னல் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே தங்குவது

முதல் நாள் மாரீயிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் கவர்ட் ஸ்பிரிங்ஸ். கட்டண முகாம், நிழல் உண்டு, ஊற்றுநீர்த் தொட்டியில் குளிக்கலாம். வழியில் கட்டி தண்டா (லேக் ஐர்) உப்பு ஏரியைப் பார்வை மேடையிலிருந்து பாருங்கள். அது அரபானா பூர்வகுடி மக்களின் புனித இடம், படுகையில் வண்டியை இறக்கக் கூடாது. இரண்டாம் நாள் வில்லியம் கிரீக்கில் டீசல் நிரப்பி, ஆல்ஜபக்கினா ரயில் பாலம் வரை. 1892இல் முடிந்த அந்த 578 மீட்டர் இரும்புப் பாலத்தருகே இயற்கையான ஆற்று மடு இருக்கிறது. இவ்வளவு அழகான இடத்தை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். வறண்ட ஓடைப் படுகையில் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள்; எங்கோ மேலே பெய்த மழை இரவில் வெள்ளமாக இறங்கும். பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியும் வேண்டாம், காற்றே இல்லாமல் கிளை முறிந்து விழும். ஜூலை இரவுகளில் குளிர் சுழியத்தைத் தொடும், தடித்த தூக்கப்பை எடுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டு வண்டி நிழலிலேயே இருங்கள். நடந்து போகாதீர்கள். வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், தனி ஆள் தெரிவது கடினம்.

மூன்றாம் நாள் மார்லாவில் தார்ச்சாலை ஏறும்போது, நெடுஞ்சாலை வேகத்துக்குப் போகுமுன் நான்கு டயரையும் மறுபடி 38க்கு நிரப்புங்கள். நிரப்பும்போதே பக்கச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே வெட்டு இருந்தால் பஞ்சர் கிட் உதவாது, ஸ்டெப்னியை மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.